கழற்றிய ஓவர்டிரைவைப் பழைய எம்.ஜி.பி. காரில் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் 1971ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று, அதாவது கூரையில்லாத பிரிட்டிஷ் கார் ஒன்று, நிற்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜினின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இல்லாமலேயே தொழிற்சாலையை விட்டு வந்த கார் அது. வேறொரு காரிலிருந்து கழற்றிய ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை வாங்கி, பிரித்து, தேய்ந்த சாமான்களை மாற்றி, இதில் பொருத்தி ஓட்டி வருகிறேன். அந்த வேலை நடந்தபோதும் முடிந்த பிறகும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. அம்பாசிடரைப் பிரித்துப் பழகியவருக்கு இதில் பெரும்பகுதி தெரிந்ததாகவே இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பகுதி மட்டுமே புதிதாகத் தோன்றும்.

ஓவர்டிரைவ் என்பது ஐந்தாவது கியரா?

பயனில் அப்படித்தான், அமைப்பில் அல்ல. நான்கு கியர் பெட்டியின் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு முன்னால், தனியாக அமரும் ஒரு சிறிய பல்சக்கரத் தொகுதி அது. எட்கர் டி நார்மன்வில் என்பவர் வடிவமைத்து, ஷெஃபீல்டு நகரத்து லேகாக் நிறுவனம் தயாரித்த இந்த அமைப்பு 1948இல் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரில் முதன்முதலாக வந்தது. சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தன் தொழிலைத் தொடங்கியதும் அதே வேன்கார்டு காரை வைத்துத்தான்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம் தானாகவே விளங்கிவிடும். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், அவற்றுக்கு வெளியே உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம் ஆகிய மூன்றும் உள்ளன. கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் கோள் சக்கரங்களைத் தாங்கும் கூட்டைச் சுழற்றுகிறது. வெளி வளையம் பின் சக்கரங்களை நோக்கிச் செல்லும் ஷாஃப்ட்டைச் சுழற்றுகிறது. சாதாரண ஓட்டத்தில் ஸ்பிரிங்குகள் ஒரு கூம்பு வடிவ கிளட்ச்சை அந்த வளையத்தின் மேல் அழுத்தி வைத்திருப்பதால் எல்லாம் ஒரே துண்டுபோலச் சுழல்கின்றன. முன்னோக்கிய இழுவையின் சுமையை உருளைகள் கொண்ட ஒருவழி கிளட்ச் ஏற்கிறது. சுவிட்சைப் போட்டதும் சொலினாய்டு என்ற மின்காந்தம் எண்ணெய்ப் பாதையை மாற்ற, பம்ப் உண்டாக்கும் அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ள, கூம்பு கிளட்ச் வளையத்தை விட்டு விலகி, கேஸ் எனப்படும் வெளிக்கூட்டோடு அசையாமல் நிற்கும் பிரேக் வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. அதோடு சூரியச் சக்கரம் நின்றுவிடும். நிற்கும் சக்கரத்தின் மேல் கோள் சக்கரங்கள் உருளும்போது வெளி வளையம் மெயின் ஷாஃப்ட்டைவிட வேகமாகச் சுழலும். எம்.ஜி.பி.யின் பிந்தைய யூனிட்டில் இந்த விகிதம் 0.82, அதாவது என்ஜின் 82 சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் 100 சுற்றுச் சுற்றும்.

குமரி மாவட்டச் சாலைகளில் இதனால் பயன் உண்டா?

தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. அந்தச் சாலையில் நான்காவது கியருக்கே வேலை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காவல்கிணற்றில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். எம்.ஜி.பி. நான்காவது கியரில் ஆயிரம் சுற்றுக்கு ஏறத்தாழ 28.8 கிலோமீட்டர் வேகம் போகும் கார். மணிக்கு 100 கிலோமீட்டரில் என்ஜின் 3,470 சுற்றை நெருங்கியிருக்கும். ஓவர்டிரைவைப் போட்டால் அது 2,850 அளவுக்கு இறங்கும். கூரையில்லாத காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போகிறவருக்குக் காது நிம்மதியும் மன நிம்மதியும் அந்த 600 சுற்றில்தான் இருக்கின்றன. பெட்ரோல் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். செலவழித்த தொகையைப் பெட்ரோலில் திரும்ப எடுக்க இந்த ஆயுள் போதாது.

என்னிடம் இருக்கும் கியர்பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவை மட்டும் வாங்கிப் பொருத்திவிட முடியாதா?

முடியாது. அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதிகப் பணத்தை விழுங்கும் தவறும் இதுதான். விற்பவர்கள் ஓவர்டிரைவ் யூனிட்டை மட்டும் கழற்றிப் படம் எடுத்து விலை சொல்வார்கள். முழு கியர்பாக்ஸைவிட அது மலிவாகவும், அனுப்புவதற்கு எளிதாகவும் இருப்பதால் மனம் அதன் பக்கம் சாயும்.

ஓவர்டிரைவ் உள்ள பெட்டியின் மெயின் ஷாஃப்ட் வேறு, இல்லாத பெட்டியின் மெயின் ஷாஃப்ட் வேறு. முன்னதன் வால்பகுதியில் கோள் சக்கரக் கூட்டுக்கும் ஒருவழி கிளட்ச்சுக்கும் ஏற்ற ஸ்ப்லைன்கள் (நீளவாக்கில் ஓடும் பல் வரிகள்) வெட்டப்பட்டிருக்கும். பம்பை இயக்கும் கேம் என்ற மையம் விலகிய வளையம் அதன்மேல் அமர்ந்திருக்கும். உங்கள் பெட்டியின் ஷாஃப்ட்டில் இவை எதுவும் இல்லை. லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கடினப்படுத்திய ஷாஃப்ட்டில் ஸ்ப்லைன் வெட்டி, மறுபடியும் வெப்பப் பக்குவம் கொடுத்து, ஓட்டத்தில் அது நேராக நிற்கும்படி செய்து தருவது நம் ஊர் லேத் பட்டறைகளின் வேலை அல்ல. அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, கருவிகளே வேறு. ஷாஃப்ட்டோடு பெட்டிக்கும் யூனிட்டுக்கும் இடையிலான அடாப்டர், கியர் லீவரைத் தாங்கும் பின் கூடு, அதிலுள்ள தடுப்பு சுவிட்ச் ஆகியவையும் சேர்ந்து வர வேண்டும்.

ஆகவே என் ஆலோசனை ஒன்றே. என்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங்கிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு சேரும் பின் ஃபிளாஞ்ச் வரை பிரிக்கப்படாத முழுப் பெட்டியாக வாங்குங்கள். கியர்கள் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் பழைய பெட்டியின் நல்ல கியர்களை, இரண்டும் ஒரே காலத்துப் பெட்டிகளாக இருந்தால், அதில் பயன்படுத்திக்கொள்ளலாம். மெயின் ஷாஃப்ட்டும் அடாப்டரும் இல்லாமல் வந்த யூனிட்டுக்கு அவற்றைத் தனியே தேடி அலைந்தவர்கள், முழுப் பெட்டியின் விலையைவிட அதிகம் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். பூட்டை வாங்கிவிட்டு அதற்குச் சாவி தேடுவது போன்ற வேலை அது.

எந்த ஆண்டுக் காருக்கு எந்த யூனிட்?

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. 1967 வரை வந்த பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, கிடையாது. அந்தப் பெட்டியோடு சேர்ந்து வந்தது டி வகை ஓவர்டிரைவ், விகிதம் 0.802. 1968 மாதிரி முதல் நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள பெட்டியும் எல்.ஹெச். வகை ஓவர்டிரைவும் வந்தன. அந்தப் பெரிய பெட்டிக்காகக் காரின் தரையில் பெட்டி அமரும் நடுச் சுரங்கத்தையே அகலப்படுத்தினார்கள். எனவே 1966ஆம் ஆண்டுக் காரில் எல்.ஹெச். பெட்டியை வைக்க விரும்புகிறவர் தகட்டை வெட்டவும், என்ஜின் பின்தட்டு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை மாற்றவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு டி வகையைத் தேடிக் காத்திருப்பதே நல்லது.

எல்.ஹெச். யூனிட்டின் பக்கவாட்டில் சொலினாய்டை மூடும் தகட்டில் ஒரு லேபிள் இருக்கும். முந்தையவற்றில் அது கறுப்பு, 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தையவற்றில் நீலம். இரண்டும் இயந்திர அமைப்பில் நெருங்கிய உறவு; ஸ்பீடோமீட்டர் கணக்கு மட்டும் வேறு. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ரப்பர் மவுண்ட் ஆகியவற்றைப் பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் கிடத்தி நாடா வைத்து அளந்துவிடுங்கள். கார் கதையில் எந்த நூலும் நாடாவுக்கு ஈடாகாது.

வோல்வோ, டிரையம்ஃப் கார்களின் யூனிட்டிலிருந்து உதிரி எடுக்கலாமா?

அவற்றில் பெரும்பாலும் வருவது ஜே வகை. வெளித் தோற்றத்தில் எல்.ஹெச். வகைக்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். ஆனால் உள்ளே பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறாது. ஒரே எழுத்து வகையாக இருந்தாலும் ஒவ்வொரு காரின் எடைக்கும் என்ஜின் வலிமைக்கும் ஏற்ப ஸ்பிரிங், பிஸ்டன், அழுத்தம் ஆகியவற்றை லேகாக் நிறுவனம் மாற்றியிருக்கிறது. எனவே யூனிட்டின் எண் தகட்டைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கழற்றிய பெட்டியை வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் அடிப்பக்கத்து ஆயிலை ஒரு பாட்டிலில் வடிக்கச் சொல்லுங்கள். பால் காப்பி நிறம் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளி மினுக்கு ஓரளவுக்கு இயல்பு. கிள்ளி எடுக்கக்கூடிய இரும்புத் துணுக்குகளும் பித்தளைச் செதில்களும் இயல்பல்ல. பிறகு பின் ஃபிளாஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டி பேரிங்கின் தளர்வைப் பாருங்கள். அலுமினியக் கேசின் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். வெயில் பட்டால் விரிசலிலிருந்து எண்ணெய் கோடாக வெளிவரும்.

திறந்து பார்க்க விற்பவர் சம்மதித்தால் கூம்பு கிளட்ச்சின் லைனிங்கைப் பாருங்கள். எண்ணெயில் ஊறியிருப்பது குறை அல்ல, அது எண்ணெயிலேயே வேலை செய்யும் கிளட்ச். கருகியிருக்கிறதா, கண்ணாடிபோல மெருகேறியிருக்கிறதா, உலோகம் வரை தேய்ந்திருக்கிறதா என்பவையே கேள்விகள். ஒருவழி கிளட்ச் ஒரு பக்கம் தடையின்றிச் சுழன்று மறுபக்கம் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும். உருளைகள் ஓடும் பரப்பில் பள்ளங்கள் தென்பட்டால் அந்த வளையத்தையே மாற்ற வேண்டிவரும். பிரேக் வளையம் வார்ப்பிரும்பு. விரிசல் விட்டிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிக்கலாமா? உள்ளூர் ஆக்கர் (பழைய இரும்பு) கடைகளில் கிடைக்குமா?

ஆக்கர் கடையில் ஓவர்டிரைவ் கிடைத்ததாக இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அம்பாசிடர் காலத்து அங்குல மரை நட்டும் போல்ட்டும் அங்கே அள்ளலாம். இந்தப் பெட்டியில் மில்லிமீட்டர் போல்ட்டை முடுக்கி அலுமினிய மரையைக் கெடுத்தவர்களுக்கு அந்தக் கடைகளின் அருமை தெரியும். வெளிநாட்டுப் பழைய சாமானைப் பொறுத்தவரை, இயந்திர மூலதனப் பொருள் அல்லாத பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். புதிய உதிரிகளான சீல், ஓ-ரிங், லைனிங், சொலினாய்டு ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை. சுங்க வரியைக் கட்டினால் போதும். நான் பெட்டியை இந்தியாவுக்குள்ளேயே, பழுது பார்க்க முடியாத கார் ஒன்றைப் பிரித்து விற்றவரிடமிருந்து வாங்கினேன். அதற்குப் பல மாதங்கள் காத்திருந்தேன்.

நம் ஊர் மெக்கானிக்குகளால் இதைச் செய்ய முடியுமா?

முடியும். எம்.ஜி.பி.யின் 1,798 சிசி என்ஜினும் பழைய அம்பாசிடரின் 1,489 சிசி என்ஜினும் பி வரிசை என்ற ஒரே என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்பாசிடரிலேயே கைபழகிய ஒரு ஆசான் எனக்கு உதவினார், என்ஜினைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு எதுக்கு ரெண்டு கார்புரேட்டர்?” என்பதுதான்.

எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸைத் தனியாகக் கீழே இறக்க இயலாது. என்ஜினும் பெட்டியும் ஒன்றாக மேலே வர வேண்டும். மாமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. பெட்டி கீழே தொங்கச் செங்குத்தான கோணத்தில் வெளியே வரும் இந்த இணைப்புக்குக் கிளையை நம்ப வேண்டாம், இரும்பு முக்காலியை வாடகைக்கு எடுங்கள். என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங், என்ஜினின் பின் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். அவற்றுக்காக இன்னொரு முறை இவ்வளவையும் தூக்க யாருக்கும் மனம் வராது.

வந்த பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டுமா? அப்படியே மாட்டினால் என்ன?

பிரித்தே ஆக வேண்டும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த யூனிட்டில் ரப்பர் ஓ-ரிங்குகள் இறுகியிருக்கும், வலைச் சல்லடைகளில் சேறு படிந்திருக்கும், அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு ஒட்டியிருக்கும். சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அளவில் எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்க வேண்டிய கருவியில் மயிரிழை அழுக்குக்கூட வேலையைக் கெடுக்கும். டி வகையாக இருந்து அது இன்னும் காரிலேயே இருந்தால், என்ஜினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காவது கியரில் சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டு அணைத்து, தேங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே வால்வுகளைத் தொட வேண்டும்.

கடல் காற்று அடிக்கும் ஊரில் ஒரு கூடுதல் கவனம் தேவை. மண்ணெண்ணெயில் கழுவிய எஃகுப் பாகத்தைக் குளச்சல், கன்னியாகுமரிப் பக்கத்தில் ஒரே இரவு வெறுமனே வைத்தாலும் காலையில் செம்பழுப்புப் படலம் தெரியும். கழுவிய கையோடு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, எழுதி ஒட்டிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நனையும் மாவட்டம் இது. இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும்.

கேஸ்கெட்டைத் தாளில் வெட்டிப் போடுங்கள். சிலிகான் பசையைத் தாராளமாகப் பிதுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். உள்ளே பிதுங்கிய பசை இழையாகப் பிரிந்து சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும்.

யூனிட்டையும் பெட்டியையும் இணைக்கும்போது அது உள்ளே இறங்கவில்லை. என்ன செய்வது?

வேலை முழுவதிலும் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான். யூனிட்டுக்குள் கோள் சக்கரக் கூட்டின் ஸ்ப்லைனும் ஒருவழி கிளட்ச்சின் ஸ்ப்லைனும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. மெயின் ஷாஃப்ட் இரண்டுக்குள்ளும் ஒரே சமயத்தில் நுழைய வேண்டும். அதோடு ஷாஃப்ட்டிலுள்ள கேமும் பம்பின் நிலையும் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் யூனிட் பாதியில் நின்றுவிடும்.

மேலிருந்து டார்ச் அடித்து, நீண்ட மெல்லிய ஸ்குரூ டிரைவரால் உள் ஸ்ப்லைன்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒருவழி கிளட்ச் சுழலும் திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். கோடு சேர்ந்தபின் பின் ஃபிளாஞ்சை யாரும் தொடக் கூடாது. பெல் ஹவுசிங் கீழே இருக்கும்படி கியர்பாக்ஸைச் செங்குத்தாக நிறுத்தி, கேமின் தாழ்ந்த பக்கம் பம்பை நோக்கி இருக்கும்படி வைத்து, யூனிட்டை மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். ஒருவர் கியரில் போட்டு இன்புட் ஷாஃப்ட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மற்றவர் யூனிட்டை நேராகத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எல்.ஹெச். வகையில் தன் எடையிலேயே அது முழுவதும் இறங்கி முகத்தோடு முகம் சேர வேண்டும். விரல் நுழையும் இடைவெளி நின்றால் ஸ்ப்லைன் சேரவில்லை என்று பொருள். அந்த இடைவெளியை நட்டை முடுக்கி இழுத்து மூட நினைத்தால் கேஸோ பம்போ உடையும். டி வகையில் மட்டும் கூம்பு கிளட்ச் ஸ்பிரிங்குகளை அமுக்க வேண்டியிருப்பதால் கடைசிச் சிறு இடைவெளியை நட்டுகளைச் சுற்றிச் சுற்றிச் சமமாக முடுக்கி மூடுவது முறை. எங்களுக்கு நான்காவது முயற்சியில் இறங்கியது. நடுவில் ஒரு மதியச் சாப்பாடும் ஒரு சிறு சண்டையும் உண்டு.

காரில் ஏற்றுமுன் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆயில் ஊற்றிய பெட்டியை ஸ்டாண்டில் கட்டி, இன்புட் ஷாஃப்ட்டை லேத்தின் சக்கில் பிடித்து மிதமான வேகத்தில் சுழற்றுங்கள். நான்காவது கியரில் முன்னும் பின்னும் ஒரே வேகம் இருக்கும். சொலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்ததும், இன்புட் 100 சுற்றினால் பின் ஃபிளாஞ்ச் ஏறத்தாழ 122 சுற்ற வேண்டும். ஃபிளாஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் வேகம் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

மின் இணைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

தடுப்பு சுவிட்சை. கியர் லீவர் கூட்டில் இருக்கும் இது, மூன்றாவது நான்காவது கியர்களில் மட்டுமே சொலினாய்டுக்கு மின்சாரம் போகவிடும். கடைசிக் காலத்துக் கார்களில் நான்காவதில் மட்டும். முதல் இரண்டு கியர்களின் முறுக்கு விசையை அந்தச் சிறு கூம்பு கிளட்ச் தாங்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரிவர்ஸ். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும் நிலையில் காரைப் பின்னால் எடுத்தால் வெளி வளையம் கோள் கூட்டைவிட வேகமாகப் பின்னோக்கிச் சுழல முயலும். ஒருவழி கிளட்ச்சோ அந்தத் திசையில் பூட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஏதேனும் ஒன்று உடைந்தே தீரும். பெட்டி காருக்குள் போகுமுன், ஒரு பல்பைத் தொடரில் இணைத்து ஒவ்வொரு கியராகப் போட்டு, ரிவர்ஸில் அது எரியாததை உறுதிசெய்யுங்கள். தடுப்பு சுவிட்சை ஒதுக்கிவிட்டு நேரடி வயர் கொடுக்கும் எலெக்ட்ரீஷியனை அன்றே அனுப்பிவிடுங்கள்.

1967 வரையிலான கார்களில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை என்பதை மறக்க வேண்டாம். டி வகையின் சொலினாய்டு இழுக்கும் கணத்தில் அதிக மின்னோட்டத்தை எடுத்து, பிறகு ஓர் ஆம்பியர் அளவில் பிடித்துக்கொண்டிருக்கும். லீவர் சரியாக அமைக்கப்படாவிட்டால் இழுக்கும் சுருள் அணையாமல் எரிந்துபோகும். லீவரின் துளையும் கேசின் துளையும் ஒத்துவரும்படி 3/16 அங்குலக் கம்பியைச் செருகி அமைப்பதே முறை.

எந்த ஆயில்?

என்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலே போதும். நான்கு சின்க்ரோ பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3.4 லிட்டர். இரண்டுக்கும் ஒரே ஆயில்தான். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மட்டம் இறங்கும். மீண்டும் பார்த்து நிரப்ப வேண்டும். உராய்வைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் கலவைகளை இதில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் கூம்பு கிளட்ச்சுக்கு உராய்வுதான் பிழைப்பு.

எனக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. சர்வீசுக்கு விட்ட இடத்தில், கியர்பாக்ஸ்தானே என்ற பழக்கத்தில் 90 எண் கியர் ஆயிலை நிரப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் கியர் இறுகியது, ஓவர்டிரைவ் நினைத்த நேரத்தில் பிடிக்காமல் சிந்தித்துச் சிந்தித்துப் பிடித்தது. யூனிட்டே போய்விட்டது என்று பயந்து இரண்டு நாள் தூக்கமிழந்த பிறகுதான் வடிதுளை நட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். அந்தக் கந்தக வாடையை ஒரு முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். அந்த வகை ஆயில்களில் பல, சின்க்ரோ வளையங்களின் பித்தளையையும் அரிக்கும். இப்போது நிரப்பும் இடத்துக்கு மேலே ஆயிலின் பெயரைப் பெயின்ட்டால் எழுதிவைத்திருக்கிறேன்.

பொருத்திய பிறகு ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுகிறதே?

கறுப்பு லேபிள் பெட்டிகள் மைலுக்கு 1,280 சுற்றுக் கணக்கிலான ஸ்பீடோமீட்டருக்கு உரியவை. நீல லேபிள் பெட்டிகள் 1,000 சுற்றுக்கு. 1,280 கணக்கிலான ஸ்பீடோமீட்டரோடு நீல லேபிள் பெட்டியை இணைத்தால் உண்மையான 100, மீட்டரில் 78 ஆகத் தெரியும். மீட்டரைத் திறந்து திருத்திக்கொடுப்பவரிடம் அனுப்புங்கள், அல்லது பெட்டிக்கு உரிய மீட்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஓவர்டிரைவ் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது விடவில்லை. பெட்டியை இறக்க வேண்டுமா?

பிடிக்கவில்லை என்றால் ஆயில் மட்டம், ஃபியூஸ், வயர் முனைகள், என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை, தடுப்பு சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் பச்சை பிடித்த வயர் முனைதான்; உப்புக் காற்று நம்முடைய சொத்து. என்ஜினை நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு, நான்காவது கியரில் சுவிட்சைத் தட்டினால் கீழிருந்து மெல்லிய ‘டிக்’ ஓசை வர வேண்டும். ஓசை வந்தும் பிடிக்காவிட்டால் சல்லடை, சொலினாய்டு வால்வின் ஓ-ரிங், ரிலீஃப் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். எல்.ஹெச். வகையில் இவை பெட்டி காரில் இருக்கும்போதே கீழிருந்து கழற்றக்கூடியவை.

விடவில்லை என்றால் நிலைமை வேறு. காரை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. தள்ளியே கொண்டுபோய் நிறுத்துங்கள். இன்னொரு குறியும் உண்டு. முன்னால் நன்றாகப் போகும் கார் ரிவர்ஸில் நகர மறுத்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என்ஜினின் தடையும் இல்லாமல் ஓடினால், கூம்பு கிளட்ச் வளையத்தைப் பிடிக்கவில்லை. முன்னோட்டத்தை ஒருவழி கிளட்ச் சுமப்பதால் அதில் குறை தெரியாது. அப்போதுதான் பெட்டி இறங்க வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்குப் பதில் இசுசு ஐந்து கியர் பெட்டியை வைத்துவிடலாமே?

பிந்தைய அம்பாசிடரிலும் கான்டெசாவிலும் வந்த அந்தப் பெட்டி நல்ல பெட்டிதான், உதிரியும் எளிதில் கிடைக்கும். ஆனால் பெல் ஹவுசிங், கிளட்ச் ஸ்ப்லைன், தாங்கு சட்டம், லீவர் வரும் இடம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் புதிதாக வகுக்க வேண்டும். தினமும் ஓட்டும் காராக இருந்தால் நான் மறுக்கமாட்டேன். பிரிட்டனிலும் ஃபோர்டு ஐந்து கியர் பெட்டியை எம்.ஜி.பி.யில் வைப்பவர்கள் நிறைய உண்டு. காரின் இயல்பைக் காக்க விரும்புகிறவருக்கு ஓவர்டிரைவ்தான் வழி. அது அந்தக் காருக்கே தொழிற்சாலை விருப்பச் சாமானாகத் தந்தது.

பதிவுச் சான்றில் சிக்கல் வருமா?

2021இல் வந்த விண்டேஜ் வாகன விதியின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. டி.என். 74, டி.என். 75 என்று சாதாரணப் பதிவிலேயே இருக்கும் காரில், காருக்குரிய பெட்டியைப் பொருத்தும்போது என்ஜின், சேசிஸ் எண்கள் மாறுவதில்லை. இருந்தாலும் பெட்டி வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஓட்டும்போது எப்படிப் பயன்படுத்துவது?

நான்காவது கியரில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு, ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதித்தபடியே சுவிட்சைப் போடுங்கள். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை. அணைக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்திருந்தால் குலுக்கல் இராது. மூன்றாவது கியரில் ஓவர்டிரைவைப் போட்டால் ஏறத்தாழ மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட ஒரு கியர் கிடைக்கும்; மலைப்பாதையில் முன்னே போகும் லாரியைத் தாண்ட அது உதவும்.

ஆடிக் காற்றுக் காலத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆரல்வாய்மொழியிலிருந்து கிழக்கே இறங்கும்போது முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று முதுகில் தள்ளுவதால் ஓவர்டிரைவில் கார் மிதந்து போகும். மாலையில் திரும்பி வரும்போது அது நெஞ்சுக்கு நேராக அடிக்கும்; ஓவர்டிரைவில் என்ஜின் முக்குவது காதிலேயே கேட்கும். காவல்கிணற்றில் சுவிட்சை அணைத்துவிட்டு, கணவாயைத் தாண்டும்வரை வெறும் நான்காவது கியரிலேயே வருகிறேன்.